கரை சேர்வதற்குள் வெந்த மக்ரோனி

கோழிக்கறியையும் மக்ரோனியையும் ஒரே சட்டியில் போட்டு, பாலாடை சேர்த்துக் கெட்டியாக இறக்கும் பக்குவத்தை என் ஆபீஸில் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மீன்பிடிக்கிற வீட்டில் இது எப்படி வந்தது? நின்ற வாக்கில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிற மணல் மேட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரியைப் படகில் கடந்தாக வேண்டும். எங்கள் குப்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை தேறி, எண்பதுகளின் தொடக்கத்தில் பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் விரல்கள் ஓடுகிற வேகத்தைப் பார்க்கக் கட்சிக்காரர்கள் மேஜை அருகே வந்து நிற்பார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

வேலையில் சேர்ந்த சில வாரங்களில், ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. எடை குறைந்த குழந்தை. அக்காவால் எழுந்து நடக்கவும் முடியவில்லை. அம்மா துணைக்குக் கிளம்பினாள். எத்தனை மாதம் ஆகுமென்று அவளுக்கே தெரியாது. படகில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"உன்ன வேலைக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லன்னு உனக்குத் தெரியும். உங்க நைனாவுக்காகத்தான் வுட்டேன். அவரு ஒரு வேள பட்டினியா படுத்தாருன்னு என் காதுல வுழுந்துது, அன்னியோட உன் டைப்பு மிஷினுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வூட்ல குந்திக்க. இன்னா?"

"சரிம்மா" என்றேன். எனக்கு அது சுலபமாகத்தான் தோன்றியது.

முதல் வாரத்திலேயே அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. ஆபீஸ் விட்டு, பஸ் பிடித்து, படகு பிடித்து வீடு சேரும்போது விளக்கு வைத்து வெகு நேரம் ஆகியிருக்கும். அதற்கு மேல் விறகு மூட்டி, உலை வைத்து, சோறு வடித்து, குழம்பு கூட்டுவதற்குள் என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, பாயில் சாய்ந்துவிடுவார். விடியும் முன்னே வலையோடு கிளம்புகிறவர். எழுப்பினால், "பசி இல்லமா, நீ துன்னுட்டு படு" என்பார். நான் தட்டில் போட்டதை நானும் சாப்பிடாமல் மூடி வைப்பேன்.

பக்கத்து வீடு அத்தையுடையது. நைனாவின் அக்கா. கெட்டவள் இல்லை. தம்பி மேல் உயிர். ஆனால் சாயங்காலம் யார் வீட்டுக் கூரையில் புகை வருகிறது, யார் வீட்டில் வரவில்லை என்று பார்ப்பதை அவள் ஒரு உத்தியோகமாகவே வைத்திருந்தாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல பொக இல்லாத வூட்ட இப்பதான் பாக்கறேன்" என்பாள், என் காதில் விழும்படி. "மவாராணி பஸ்ஸுல வந்து எறங்கி, அப்பால அடுப்பு மூட்டி, அப்பால என் தம்பி துன்னணும். அதுக்குள்ள கோழி கூவிடும்."

"நைனா, உங்க அக்கா வூட்லயே ஒரு வாய் சாப்ட்டுருங்களேன்" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"அங்க கை நனச்சா, நீ சோறு போடலன்னு அவளே ஆரம்பாக்கம் வரிக்கும் தண்டோரா போடுவா. உன் வேல பூடும். வாணா."

எனக்கு ஒரு யோசனை வந்தது. நைனாவுக்குச் சமைக்கத் தெரியும். கடலில் தங்கித் தொழில் செய்யும் காலத்தில் படகில் அவர்தான் சமையல். பாதியாய் வெட்டிய தகர டின்னில் மணலைக் கொட்டி, அதன் மேல் மண் அடுப்பை உட்கார்த்தி, ஒரே சட்டியில் ஆக்கி, படகில் இருக்கிற எல்லோரும் அதையே சாப்பிடுவார்கள். அவர் கைப்பக்குவத்தைப் பற்றி மற்றப் படகுக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். வீட்டில் யாரும் அதைச் சாப்பிட்டதில்லை. படகில் ஆண்பிள்ளை அடுப்பு மூட்டினால் அது தொழிலில் சேர்த்தி. கரையில் மூட்டினால் கேலி. எங்கள் பக்கம் அப்படி.

"நீங்களே சோத்த வடிச்சு வெச்சிட்டீங்கன்னா..." என்று இழுத்தேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் வூட்ல அடுப்பாண்ட குந்தினத எவனாச்சும் பாத்தான், நாளைக்கி என் கூட வலை இழுக்க ஒரு பய வரமாட்டான். சேல கட்டினு வர்றியான்னு கேப்பானுங்கோ."

ஆனால் மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரைக்கு வந்தபோது, வழக்கமாய் நான் ஏறுகிற பயணிகள் படகுக்குப் பக்கத்தில் எங்கள் படகு நின்றது. முன்பக்கத்து அணியத்தில் தகர டின். டின்னுக்குள் அடுப்பு. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏறு" என்றார் நைனா. "இது வூடு இல்ல. படகு."

கடல்காற்று எதிர்த்து அடிக்கிற நாட்களில் ஏரியைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்துக்குள் சமைத்து, சாப்பிட்டு, சட்டியைக் கழுவிக்கொண்டு கரை இறங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. என் ஆபீஸ் புடவை நனையக் கூடாதென்று நடுப்பலகையில் காய்ந்த சாக்கு ஒன்றை விரித்து வைத்திருந்தார். அடுப்புப் பக்கம் நான் நகர்ந்தால், "தள்ளிக் குந்து, நெருப்பு பறக்கும்" என்று அதட்டினார்.

அந்த முதல் நாள் சோறு ஏரிக்குப் போனது. கடலில் போகிற பெரிய படகில் சோறு வடிக்க ஒருவர் சட்டியைப் பிடிப்பார், இன்னொருவர் தட்டைப் பிடிப்பார். இங்கே நைனா ஒற்றை ஆளாய்ச் சட்டியைப் படகுக்கு வெளியே சாய்த்தார். காற்று படகை ஒரு தட்டுத் தட்டியது. கஞ்சியோடு பாதிச் சோறும் போய்விட்டது.

"மடவை மீனுக்கு இன்னிக்கி விருந்து" என்றார் நைனா. மீதியை ஆளுக்கு ஒரு பிடி சாப்பிட்டோம். பசி தீரவில்லை. ஆனாலும் அத்தனை நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான்.

வடிக்கத் தேவையில்லாத சோறு வேண்டும். பழவேற்காட்டில் என்னோடு படித்த ஒரு தோழி இருந்தாள். பழைய வியாபாரக் குடும்பத்து முஸ்லிம் பெண். அவள் அண்ணன் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தான். அவளிடம் என் கஷ்டத்தைச் சொன்னபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். சின்னச் சின்னக் குழாய்களாக இருந்தது.

"மக்ரோனி. கோழியோட சேத்து ஒரே சட்டில போடு. இருக்கற தண்ணியெல்லாம் அதுவே குடிச்சிரும். வடிக்கற வேலையே இல்ல. கடைசியா கொஞ்சம் பாலாடை. எங்க அண்ணன் வந்தா எங்க வூட்ல தினமும் இதான்."

பொன்னேரியில் மார்க்கெட் பக்கம் பிராய்லர் கோழிக்கடை அப்போதுதான் வந்திருந்தது. மக்ரோனியும் அங்கே ஒரு மளிகைக் கடையில் சில்லறையாகக் கிடைத்தது. ஆபீஸ் விட்டதும் கோழியைச் சின்னத் துண்டுகளாக வெட்டச் சொல்லி, ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்புகிற பெண்கள் நிறைந்த பஸ் அது. என் கூடையை எட்டிப் பார்த்த ஒருத்தி சும்மா இருக்கவில்லை.

"அடியே, மீனு வூட்டுப் பொண்ணு கோழி வாங்கினு போவுது பாரு. எந்த மாப்ளடி வர்றாரு?"

எங்கள் ஊர்களில் கோழி அடிப்பது மாப்பிள்ளை வந்தால்தான். சும்மா ஒரு புதன்கிழமையில் யாரும் கோழி தின்பதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். காது மட்டும் சூடாகிவிட்டது.

நைனா மக்ரோனியை ஒன்று எடுத்துக் கண்ணில் வைத்து அதன் வழியாக என்னைப் பார்த்தார். "இத்த துன்றதா, ஊதறதா?"

முதல் தடவை நாங்கள் செய்ததை நாய்கூடச் சாப்பிட்டிருக்காது. நைனா கோழியை மீனாகவே நினைத்துவிட்டார். கல்லுப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கை பழக்கத்தில் புளியைக் கரைத்து ஊற்றினார். அகப்பை போடாமல், மீன் உடையக் கூடாதென்று செய்வதுபோல, சட்டியைத் துணியால் பிடித்துக் குலுக்கினார். மீன் வேகிற நேரம் ஆனதும் இறக்கிவிட்டார். பாலாடையை நான் ஊற்ற, புளி பட்டு அது திரிதிரியாகப் போனது. மக்ரோனி அடியில் ஒட்டிக்கொண்டது. கோழியைப் பிட்டால் உள்ளே சிவப்பாக இருந்தது.

நைனா ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"உசுரோடத்தான் கீது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன பிறகு முதன்முதலாக அவரும் வாய்விட்டுச் சிரித்தார். ஏரி நடுவில் எங்கள் சிரிப்பைக் கேட்க யாரும் இல்லை.

பிறகு பக்குவம் பிடிபட்டது. நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் நைனா வெங்காயம் அரிந்து, பூண்டும் இஞ்சியும் தட்டி வைத்திருப்பார். கரையோரத்து டீக்கடைக்காரர் பால் மேல் படிகிற ஆடையை எங்களுக்காக எடுத்து ஒரு டம்ளரில் மூடி வைப்பார். படகைத் தள்ளிவிடும்போது எண்ணெய் காயும். வெங்காயம் வதங்கியதும் கோழி, மஞ்சள், உப்பு, பச்சைமிளகாய். கரை விளக்குகள் சின்னதாகிறபோது கோழி தண்ணீர் விட்டிருக்கும். அப்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீரை அளவாக ஊற்றி மூட வேண்டும். மணல் மேட்டில் நல்ல தண்ணீருக்கு எப்போதும் தட்டுப்பாடு. வடித்துக் கொட்டாத சமையல் என்பதாலேயே நைனாவுக்கு அது பிடித்துப்போனது. பாதி ஏரியில் மக்ரோனி. அடிக்கடி அகப்பையால் கிளற வேண்டும் என்பதை அவர் கை கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. எங்கள் குப்பத்து விளக்குகள் ஒவ்வொன்றாகத் தனித்துத் தெரிகிறபோது பாலாடையும் நுணுக்கிய மிளகும். சட்டிக்குள் எல்லாம் ஒன்றாகி, வெள்ளையாய், பளபளப்பாய், தளதளவென்று கொதிக்கும். அதோடு இறக்கிவிட வேண்டும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதுதான் ராச்சாப்பாடு. மற்ற நாட்களில் கோழிக்குப் பதில் முட்டை, இல்லாவிட்டால் இறால். மக்ரோனி கிடைக்காதபோது சேமியா.

கழியை ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டே நைனா கேட்பார்: "இன்னிக்கி இன்னா அடிச்சே?"

நான் அன்றைக்கு டைப் அடித்த வழக்கைச் சொல்வேன். யாரோ இரண்டு அண்ணன் தம்பி வரப்புக்காகச் சண்டை போட்ட கதை. அவர் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு வருகிற நாளில் கோர்ட்டில் என்ன ஆனது என்று மறக்காமல் கேட்பார். அவர் தீர்ப்பும் கோர்ட்டுத் தீர்ப்பும் ஒத்துப்போனால் அன்று எனக்குக் கூடுதலாக ஒரு துண்டு கோழி.

கரை இறங்கும்போது சட்டியும் கழுவி, வாயும் கழுவியிருப்போம். வீட்டு அடுப்பு எரியாது. அத்தை தன் வாசலில் நின்று பார்ப்பாள்.

"தம்பி, சாப்ட்டியாடா?"

"ஆச்சுக்கா."

"எங்கடா ஆச்சு? பொகயே காணோம்?"

"வவுறு நெறஞ்சிடுச்சு. நீ போய் படு."

படகில் சமைப்பதைச் சொல்லிவிடலாமே என்று நான் கேட்டதற்கு அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். மகளுக்காகச் சமைக்கிறார் என்று தெரிந்தால் படகானாலும் கேலிதான். பழவேற்காட்டுக் கரையில் கேட்டவர்களிடம் தொழிலுக்குப் போகிற சமையல் என்றே சொல்லி வைத்திருந்தார். அத்தைக்கோ மண்டை காய்ந்தது. தம்பி பட்டினி கிடந்து பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினாள். பிறகு ஒருநாள் காலையில் எங்கள் படகு கட்டுகிற இடத்தில் காக்கைகள் எதையோ இழுப்பதைப் பார்த்திருக்கிறாள். கோழி எலும்பு. அடுப்பு எரியாத வீடு, வார நாளில் கோழி எலும்பு, பஸ்ஸில் பெண்கள் பேசிக்கொண்ட பேச்சு. மூன்றையும் சேர்த்து, பொன்னேரியில் நான் யாரோ ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டேன், அவனுக்குக் கோழி ஆக்கிப் போட்டுவிட்டு என் நைனாவைப் பட்டினி போடுகிறேன் என்று கண்டுபிடித்தாள். ஆரம்பாக்கம் பக்கம் கருவாடு விற்கப் போகிற ஒருத்தியிடம் அம்மாவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் கோழிக்கூடையோடு கரைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். படகில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நைனாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நைனா வெங்காயத்தை அரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கூடையில இன்னா?" என்றாள் அம்மா.

"கோழி."

"எந்த மாப்ளைக்கி?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நைனாதான் பேசினார்.

"மாப்ள நான்தான்மே. உங்க அப்பன் போட்ட கோழிக்கி அப்பறம் எனக்கு யாரு போட்டா? கம்முனு குந்து. பாப்பா, ஏறு."

படகைத் தள்ளினார். அடுப்பில் சட்டி ஏறியது. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வெங்காயத்தைக் கொட்டிக் கிளறியபோது, அவள் கை தானாக அகப்பைக்கு நீண்டது.

"இது படகு" என்றார் நைனா. "இங்க நான் ஆக்கறதுதான்."

அடுப்பு எரிகிற இடத்தில் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். நைனா கழியைப் போடுவதும் வந்து கிளறுவதுமாக இருந்தார். நான் எழுந்து கழியை வாங்கிக்கொண்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகைத் தள்ளினேன்.

இறக்கியதும் நைனா முதல் தட்டை அம்மாவிடம் நீட்டினார். அவள் ஒரு குழாயை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். கோழியைப் பிட்டு உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு சாப்பிடத் தொடங்கினாள். தலை நிமிரவே இல்லை. தட்டைக் காலி செய்தபின் கேட்டாள்.

"கடல்லயும் இப்பிடித்தான் ஆக்கித் துன்னியா, இத்தினி வருசமா?"

"அங்க ஏது கோழி. சோறும் மீனும்."

"நல்லாத்தான்யா ஆக்கற. ஒரு நாளும் சொன்னதில்லயே."

"நீ கேட்டதில்லயே."

அம்மா தட்டை மறுபடி நீட்டினாள். நைனா சட்டியைச் சாய்த்து, அடியில் கெட்டியாகப் படிந்திருந்த ஆடையை வழித்து அவள் தட்டில் போட்டார்.

கரையில் அத்தை லாந்தரோடு நின்றிருந்தாள். அம்மா இறங்குவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.

"வந்துட்டியா. பாத்தியா உன் பொண்ணு லட்சணத்த? என் தம்பி மொகத்தப் பாரு, எப்பிடி வாடிக் கெடக்குது."

அம்மா லாந்தரை அத்தையின் கையிலிருந்து வாங்கி, நைனாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நல்லாப் பாரு அண்ணி. கன்னம் ரெண்டும் உப்பிக் கீது. இத்தினி வருசமா நான் வடிச்சிக் கொட்டினேன், இந்தாளு ஒரு சுத்து பெருக்கல." லாந்தரைத் திருப்பிக் கொடுத்தாள். "உன் தம்பி சாப்ட்டாச்சு. நீ சாப்ட்டியா?"

வேலையைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்டால்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடிந்தபோது அம்மா தன் பையைக் கட்டி முடித்திருந்தாள். என் ஆபீஸ் புடவையை உதறி, நேற்றுச் சொருகியதில் விழுந்த சுருக்கங்களைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி படுத்துனு கீற. மொத பஸ்ஸு போச்சுன்னா ரெண்டு பேரும் கரையில நிக்கணும். எனக்குக் கொழந்த அங்க அழுதுனு கெடக்கும்."

நான் பாய்ந்து எழுந்தேன். அவளே பின்னலை இழுத்துப் போட்டாள், வலிக்க வலிக்க. இருவரும் படகில் ஏறினோம். நைனா அன்று வலைக்குப் போகாமல் எங்களைக் கொண்டுவிட வந்தார். காற்று பின்னாலிருந்து தள்ள, ஏரி சீக்கிரம் முடிந்துவிட்டது.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி, கரையில் நின்றிருந்த நைனாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். சுற்றி நின்ற படகுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

"இந்தாய்யா, சாயங்காலம் அவ வந்து எறங்கறதுக்குள்ள அடுப்பப் பத்த வெச்சுடு. பொண்ணு வேல செஞ்சிட்டு பசியோட வரும்."